மூன்று சங்கீதப் பள்ளிகளும் இருபது சுற்றுச் சாவியும்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து முகப்பில், கிள்ளான் போகும் பஸ்ஸுக்காக நானும் என் மனைவி சொர்ணமும் நின்றுகொண்டிருந்தோம். என் கையில் தகரப் பெட்டி, அவள் கையில் கட்டுச்சோறு. பெட்டிக்குள் துணிமணிகளோடு தமிழ்ப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த இரண்டு விளம்பரத் துண்டுகளும் இருந்தன. இரண்டும் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் இடங்களைப் பற்றியவை. ஒன்று கிள்ளானில், மற்றது செந்தூலில்.

பள்ளிக்கூடம் தேடிப் போகிறவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் போனது சொர்ணத்துக்காக. அவளுக்கு இருபத்தாறு வயது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ஆபீஸில் நான் இரண்டாம் கிராணி, அதாவது குமாஸ்தா. அந்த வாரம் துரை என்னைக் கூப்பிட்டு, இந்த ஆபீஸைக் குறைக்கப் போகிறோம், உனக்கு இரண்டு இடம் இருக்கிறது, திங்கட்கிழமை காலையில் எதுவென்று எழுதிக்கொடு என்றார். ஒன்று, கிள்ளானிலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல், தூரத்தில் கம்பெனியின் இன்னொரு தோட்டம். அங்கே நான் பெரிய கிராணி. வாடகையில்லாத வீடு, வீட்டைச் சுற்றித் தோட்டம், ஆபீஸில் எனக்குக் கீழே மூன்று பேர். மற்றது, கோலாலம்பூர்த் தலைமை ஆபீஸில் கடைசி நாற்காலி. புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே பதில் சொல்லியிருப்பான். நானும் வாயைத் திறந்தேன். அப்போதுதான் சொர்ணத்துக்குக் கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் தோட்டத்தை விட்டு எப்போது போனாலும், அடுத்த இடம் நீ முறையாகப் பாட்டுப் படிக்கக்கூடிய இடம்தான் என்று சொல்லியிருந்தேன். தோட்டத்தை விட்டு எங்கே போகப்போகிறோம் என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது.

அவளுக்குப் பாட்டு வந்தது என் கிராமபோன் வழியாக. சீமைக்குத் திரும்பிய ஒரு சின்னத் துரையிடம் வாங்கிய பழைய பெட்டி. தோட்டத்தில் வேறு யாரிடமும் கிடையாது என்பதால் அதற்கு நான் நிறையச் சட்டங்கள் போட்டிருந்தேன். சாவியை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. இருபது சுற்றுக்கு மேல் முறுக்கக்கூடாது, ஸ்பிரிங் அறுந்துவிடும். அறுந்தால் சிங்கப்பூருக்குத்தான் அனுப்பவேண்டும். மாலையில் ஆபீஸிலிருந்து வந்ததும் இருபது சுற்று எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வேன். எனக்கு ராகம் தெரியாது. பாட்டு முடிந்துவிட்டது மட்டும் தெரியும். சொர்ணமோ பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து, கூடவே உதட்டை அசைப்பாள். முருகன் மேல் ஒரு பெண்மணி பாடிய இசைத்தட்டு அவளுக்கு உயிர்.

பஸ் ஏழு மணிக்கு வந்தது. கிள்ளானுக்கு ஆளுக்கு அறுபது காசு. உள்ளே கோழிக் கூடைகளும் இரண்டு சைக்கிள்களும் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தன.

"அண்ணே, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க லா. ஜெராம்ல எறங்கிருவாங்க," என்றார் கண்டக்டர். ஜெராமில் ஒருவரும் இறங்கவில்லை, மூன்று பேர் ஏறினார்கள். காப்பார் தாண்டும்வரை என் மடியில் ஒரு சேவல் இருந்தது.

காலை ஒன்பது மணி, கிள்ளான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பாசார் சந்தைக்குப் பின்தெருவில், ஒரு துணிக்கடையின் மாடியில் பள்ளிக்கூடம். முப்பது மாணவர்களுக்குக் குறையாது. பாய்கள் வரிசை தப்பாமல் விரித்திருந்தன. ஒரு மூலையில் இரண்டு தம்புராக்கள் உறை போட்டுச் சாத்தியிருந்தன. மாதச் சம்பளம் மூன்று வெள்ளி. நடத்துகிறவர் கும்பகோணத்துப் பக்கத்து வித்துவான், காதில் கடுக்கன் போட்டவர். ஒரு பையன் ஒரு வரியை ஒன்பது தடவை பாடினான். ஒன்பதாவது தடவைதான் வித்துவான் தலையை அசைத்தார். இது பள்ளிக்கூடம் என்று எனக்கே புரிந்தது.

"பெரியவங்களைச் சேர்க்கறது வழக்கமில்ல," என்றார் என்னிடம். "நல்ல ஞானம் இருந்தா யோசிக்கலாம். பாடச் சொல்லுங்க."

தம்புரா மீட்டினார்கள். சொர்ணம் அந்த முருகன் பாட்டைப் பாடினாள். வித்துவான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தார், அதை நான் பார்த்தேன். நடுப்பாட்டில் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி அடி வந்ததும் கண்ணைத் திறந்துவிட்டார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வித்துவானும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, இருந்தாலும் சிரிப்புத்தான்.

"கொரல் இருக்கு. சுருதி நிக்கலயே அம்மா. கடைசியில அரைக்கட்டைக்கு மேல எறங்கிருச்சு, தாளமும் தொய்ஞ்சு போச்சு. சுருதி பொறக்கும்போதே வரணுங்க. அதைப் பள்ளிக்கூடத்துல குடுக்க முடியாது."

சொர்ணம் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். மாடிப்படி இறங்கும்போது அவள் கை கைப்பிடியை விடவேயில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு மூலையில் நிம்மதியும் வந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். யாருமே சேர்த்துக்கொள்ளாவிட்டால் வாக்கு தானாகத் தீர்ந்துபோகும். நான் பெரிய கிராணி ஆகிவிடலாம்.

பகல் பன்னிரண்டு மணி ரயிலில் கோலாலம்பூருக்குக் கிளம்பினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஐம்பது காசு. சொர்ணம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பத்து தீகா நிலையம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். நான் டிக்கெட்டுக்குப் பதிலாகச் செந்தூல் விளம்பரத் துண்டை நீட்டிவிட்டேன். அவர் அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

"இது டிக்கெட் இல்லை ஐயா. பாட்டுப் பழகப் போறியளோ?"

"நான் இல்லீங்க, இவங்க."

"அப்ப ஒரு விசயம். என்ர மனிசியும் சொல்லிக் குடுக்கிறவ. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலைதான் வீடு. நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வகுப்பு இருக்கு. வந்து பாருங்கோ, பாக்கிறதுக்குக் காசு இல்லை." பென்சிலால் வீட்டு இலக்கத்தை விளம்பரத் துண்டின் பின்னால் எழுதினார். பிறகு ஞாபகமாக டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தார்.

கோலாலம்பூர் நிலையத்தின் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தபடி வெளியே வந்து, செந்தூலுக்குப் பஸ் பிடித்தோம். எட்டுக் காசு. அங்கே ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் என் சின்னம்மா மகன் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, நாலு மணிக்கு ஆர்மோனியம் மாஸ்டரைப் பார்க்கப் போனோம்.

இவர் நாடகக் கம்பெனியோடு வந்து, கம்பெனி திரும்பிப் போனபோது தங்கிவிட்டவர். பள்ளிக்கூடம் என்றால் அவர் வீட்டு முன்னறை. பலகைச் சுவரில் ராஜபார்ட் வேஷத்தில் அவருடைய படம் மாட்டியிருந்தது. மாதம் இரண்டு வெள்ளி, வெற்றிலை தனி. மூன்று மாதத்தில் மேடை ஏறிவிடலாம் என்றார். தமக்குக் கிள்ளான் வித்துவானைப் பிடிக்காது என்று நாங்கள் கேட்காமலே சொன்னார்.

மாஸ்டர் இடது கையால் துருத்தியை அடித்து, வலது கையால் வாசித்தார். சொர்ணம் பாடினாள். ஆர்மோனியப் பெட்டி கூடவே போனதால் நடுப்பாட்டு இன்னும் பிரமாதமாக இருந்தது. கடைசி அடியில் அவள் மெல்ல மெல்லக் கீழே இறங்க, பெட்டி மட்டும் மேலேயே நின்றது. ராகம் தெரியாத என் காதுக்கே அந்த விலகல் கேட்டது.

"இங்கயும் எறங்கிருச்சு, இல்லீங்களா?" என்று சொர்ணம் தானாகக் கேட்டாள்.

"எறங்கட்டுமே! பெட்டி இருக்கு, மிருதங்கம் இருக்கு, கூட்டம் கை தட்டும். சுருதியை யாரும்மா கேக்கப் போறாங்க? நாளைக்கே சேந்துருங்க!"

அப்போது வாசலில் யாரோ மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பேசும்போது இடது கை துருத்தியை விட்டுவிட்டது. வலது கை விரல் மட்டும் கட்டையிலேயே இருந்தது. ஒலி சோர்ந்து, நலிந்து, ஒரு முனகலோடு அடங்கியது.

அந்த முனகல் எனக்குத் தெரிந்த முனகல். தினமும் மாலை, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி, தட்டு முடியப்போகிறது என்று நான் தெரிந்துகொள்வதே அதை வைத்துத்தான். பழைய ஸ்பிரிங். இருபது சுற்று அதற்குப் போதவில்லை. தட்டு கடைசியில் தளர்ந்து சுற்றியிருக்கிறது. தளர்ந்தால் சுருதி இறங்கும், தாளம் தொய்யும். பெட்டி எப்படிப் பாடியதோ அப்படியே, நான்கு வருஷமாக, சொர்ணம் படித்திருக்கிறாள். சுருதி இல்லாதது அவளுக்கு அல்ல, என் சாவிக்கு.

இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று மாஸ்டரிடம் விடைபெற்று வந்தேன். சின்னம்மா மகன் வீட்டில் சாப்பிட்டேன், பட்டறைக் கதையெல்லாம் கேட்டேன், பெரிய கிராணி ஆகப்போவதைச் சொல்லி வாழ்த்தும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, காப்பி கொடுக்கும்போது சொர்ணம் சொன்னாள்: "பேசாம கிள்ளானுக்கே போயிருவோங்க. உங்களுக்கும் பெரிய வேல. வாக்குக் குடுத்தீங்க, கூட்டிட்டு வந்து காட்டினீங்க. அது போதும். எனக்குத்தான் குடுப்பன இல்ல."

அவள் இப்படி எனக்காக எல்லாவற்றையும் லேசாக்கிக் கொடுத்தது எனக்குத் தாங்கவில்லை. தாங்காவிட்டாலும் வாய் திறக்கவில்லை. காப்பி ஆறிவிட்டது என்று குறை சொன்னேன்.

"பிரிக்பீல்ட்ஸ் அம்மா வீட்டுக்கு மட்டும் போய்ட்டு வந்துருவோம்," என்றாள். "அவர் அவ்வளவு மரியாதையா கூப்பிட்டார். நான் பாடமாட்டேன், சும்மா கேட்டுட்டு வரேன்."

மாலை நாலு மணி, பிரிக்பீல்ட்ஸ். சாலை முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரே அச்சில் வார்த்த ரயில்வே வீடுகளுக்கு நடுவே இலக்கம் பார்த்துக்கொண்டு நடந்தோம். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டிய தெரு அது. வராந்தாவில் குரோட்டன்ஸ் தொட்டிகள். பெயர்ப்பலகை எதுவும் இல்லை. டிக்கெட் பரிசோதகரின் மனைவி பெயர் சிவபாக்கியம். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.

"வாங்கோ, இருங்கோ. இவர் உங்களைப் பற்றிச் சொன்னவர். முதல் கோப்பி குடியுங்கோ."

மாணவிகள் நாலே பேர். அதில் ஒருத்தி மூன்று பிள்ளைக்குத் தாய், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே பாடினாள். ஒரு சுருதிப் பெட்டியும் ஒரு வயலினும்தான் சாமான்கள். மாதம் இரண்டரை வெள்ளி. கிள்ளானோடு ஒப்பிட்டால் இது பள்ளிக்கூடமே அல்ல, செந்தூலோடு ஒப்பிட்டால் கலகலப்பும் இல்லை. நான் மனதுக்குள் இப்படி மார்க் போட்டுக்கொண்டிருந்தபோது, பாடமாட்டேன் என்று சொன்னவளை அந்த அம்மாள் எப்படியோ பாட வைத்துவிட்டார்.

கடைசி அடியில் அதேபோல் இறங்கியது. சொர்ணம் பாட்டை முடித்து முந்தானையைச் சரிசெய்தாள், எழுந்துகொள்ளத் தயாராக.

சிவபாக்கியம் அம்மாள் சிரிக்கவில்லை. "இன்னொருக்காப் படியுங்கோ, பிள்ளை," என்றார். யாழ்ப்பாணத்தார் பாட்டுப் பாடுவதைப் படிப்பது என்பார்கள். சொர்ணம் மறுபடி பாடினாள். மறுபடி இறங்கியது.

"புதினமாக் கிடக்கு. ரெண்டு தரமும் ஒரே இடத்திலை, ஒரே அளவு. சுருதி இல்லாத ஆக்கள் இப்பிடி இறங்கமாட்டினம், கண்டபடி இறங்குவினம். ஆரிட்டைப் பழகினனீங்கள்?"

"கிராமபோன் தட்டு கேட்டுத்தாங்க."

"அந்தப் பெட்டிக்கு ஆர் சாவி குடுக்கிறது?"

அறையில் எல்லோரும் சொர்ணத்தைப் பார்த்தார்கள். சொர்ணம் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஏதோ ஒரு தப்பு யார் தலையிலோ விழப்போகிறது என்று மட்டும் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"நான்தாங்க குடுப்பேன்," என்றாள்.

நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட நான் தொடவிடாத சாவி. பேசாமல் இருந்தால் போதும், பெரிய கிராணி வேலை என் கையில்.

"இல்லீங்க," என்றேன். "அவ பொய் சொல்றா. அவளை நான் தொடவே விட்டதில்ல. நான்தான் குடுப்பேன். இருபது சுத்து. அதுக்கு மேல குடுத்தா ஸ்பிரிங் போயிரும்னு நான்தான் குடுக்கல. பாட்டு முடியறதுக்குள்ள பெட்டி தளர்ந்துரும். நேத்தே எனக்குத் தெரியும், இவகிட்ட சொல்லல."

ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரை யாரும் பேச முடியவில்லை, நல்லவேளை.

பிறகு அந்த அம்மாள், பெட்டியில் கேட்காத பாட்டு ஏதாவது தெரியுமா என்றார். தோட்டத்துக் கோயில் பஜனையில் கற்ற ஒரு துதியைச் சொர்ணம் பாடினாள். ஆரம்பித்த சுருதியிலேயே கடைசிவரை நின்றது. மடியில் பிள்ளை வைத்திருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குரோட்டன்ஸ் தொட்டியைப் பார்த்தேன்.

"இவ பிழையாப் படிக்கேல்லை," என்றார் சிவபாக்கியம் அம்மாள். "பெட்டி படிச்சதை அப்பிடியே படிச்சிருக்கிறா. பிழையையே இவ்வளவு சரியாப் பிடிக்கிற காது எத்தினை பேருக்கு இருக்கு? நான் சந்தோசமாச் சேர்ப்பன். ஆனா ஒண்டு சொல்லவேணும். கிள்ளான் வித்துவான் என்னைவிடப் பெரிய ஆள். போய் விசயத்தைச் சொன்னியள் எண்டால் அவரும் கட்டாயம் சேர்ப்பார்."

எனக்கு உயிர் வந்தது. கிள்ளானும் கிடைக்கும், வாக்கும் நிற்கும், வாடகையில்லாத வீடும் கிடைக்கும். திரும்பும் வழியெல்லாம் நான் உற்சாகமாகப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி, மறுபடி கிள்ளான் நிலையம். "வா, நேரா வித்துவான்கிட்ட போய்ச் சொல்லிருவோம்," என்றேன். சொர்ணம் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு அங்க வேணாங்க."

"ஏன்? அந்த அம்மாவே சொன்னாங்களே, அவர் பெரிய ஆள்னு."

"பெரியவர்தான். நான் எறங்கினேன்னு சரியாச் சொன்னார். ஏன் எறங்குதுன்னு கேக்கலயே. செந்தூல்காரர் எறங்கினா என்னன்னு சொன்னார், அவரும் கேக்கல. அந்த அம்மா ஒருத்தங்கதான் சாவி யார் குடுக்கறதுன்னு கேட்டாங்க." தகரப் பெட்டியைத் தன் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு, "ஆனா வேல உங்களுது. நீங்க எங்க சொன்னாலும் வருவேன்," என்றாள்.

மூன்று பள்ளிகளையும் இடம், சம்பளம், தம்புரா, மாணவர் தொகை என்று எல்லாவற்றிலும் ஒப்பிட்டு மனதுக்குள் பட்டியல் போட்டிருந்த எனக்கு, இப்படி ஒரு கட்டம் இருக்கிறது என்று தோன்றவேயில்லை. பஸ்ஸில் காப்பார், ஜெராம் எல்லாம் போயின. எனக்குக் கீழே வேலை செய்யப்போகிற மூன்று பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்தில் என்ன நடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். எலுமிச்சை.

பகல் இரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். வீடு மூன்று நாள் பூட்டிக் கிடந்த வாடை அடித்தது. நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிராமபோனை மேசைமேல் எடுத்து வைத்து, முருகன் பாட்டுத் தட்டைப் போட்டு, சாவிக் கைப்பிடியை அவளிடம் நீட்டினேன்.

"எத்தன சுத்துங்க?"

"முடியற வரைக்கும்."

அவள் பயந்து பயந்து முறுக்கினாள். முப்பத்து நாலாவது சுற்றில் சாவி தானே நின்றது. ஸ்பிரிங் அறுந்துவிடவில்லை. பாட்டு ஆரம்பித்தது. கடைசி அடி வந்தது. அந்தப் பெண்மணியின் குரல் இறங்கவில்லை, தளரவில்லை, ஏறிய இடத்தில் ஏறியபடியே கம்பீரமாகப் பாடி முடித்தது. நாங்கள் அதை அதுவரை கேட்டதேயில்லை.

சொர்ணம் ஊசியைத் தூக்கி வைத்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா அது முருகன் கால்ல விழற வரிங்க. அவங்களுக்கு அழுக தாங்காம கொரல் கீழ போகுதுன்னு நெனச்சேன். நானும் தெனம் அந்த எடத்துல அழுவேன். நீங்க கண்ண மூடிட்டு இருப்பீங்க, பாத்திருக்க மாட்டீங்க."

நான் பார்த்ததில்லை.

"இனிமே அப்படிப் பாடக்கூடாது, இல்லீங்களா? டீச்சரம்மா திருத்திருவாங்க." சாவியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "கடைசியா ஒரே ஒரு தடவ பழைய மாதிரி வையுங்க. இருபது சுத்து."

மிச்சமிருந்த முறுக்கு தீர்ந்து நிற்கும்வரை பெட்டியை ஓடவிட்டு, பிறகு எண்ணி இருபது சுற்றுக் கொடுத்தேன். அன்று நான் சாய்வு நாற்காலிக்குப் போகவில்லை, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். கடைசி அடியில் குரல் மெல்ல இறங்கி இறங்கி முனகி அடங்கியது. சொர்ணம் அழுதாள்.

மறுநாள் காலை துரையிடம் கோலாலம்பூர் என்று எழுதிக்கொடுத்தேன்.